எல்.இ.டி. விளக்கு வாங்கியது தகுமா: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், வருகை தந்துள்ள உறுப்பினர்களுக்கும் வணக்கம். மண்டபம் வட்டாரக் கடல்நீர் மீன்தொட்டி வளர்ப்போரான நம் சங்கத்தின் 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான செயல்பாடுகளை, விதிப்படி பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் கூட்டப்பட்டன. சுதந்திர தினத்தன்று கொடியேற்றி இனிப்பு வழங்கினோம். பள்ளி மாணவர்கள் வந்து சங்கத்தின் பொதுத் தொட்டியைப் பார்வையிட்டனர். கடற்கரைத் துப்புரவுப் பணி மழையால் ஒத்திவைக்கப்பட்டு, பிறகு நடைபெறவில்லை. தொட்டிக்கான கடல்நீரை, கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடித்துத் தென்கடலான மன்னார் வளைகுடா கலங்கிக் கிடந்த மாதங்களில் வடகடலான பாக் நீரிணையிலிருந்தும், வாடைக் காற்றில் வடகடல் கொந்தளித்தபோது தென்கடலிலிருந்தும் எடுத்து, வடிகட்டி, இருட்டில் வைத்துத் தெளியவிட்டுப் பயன்படுத்தினோம். தண்ணீர் சுமக்க வந்தவர்கள் எப்போதும் அதே நான்கைந்து பேர்தான் என்பதையும் பதிவு செய்கிறேன்.

வருகையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் நடந்த கூட்டங்களுக்கு நாற்காலி போதவில்லை. தடை நீங்கிப் படகுகள் இறங்கிய பிறகு கோரம் சேர்வதற்கே ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைக்க வேண்டியதாயிற்று. தொழிலுக்குப் போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ரயில் மண்டபத்தோடு நின்றுவிடுகிறது என்று இரண்டாண்டுகளுக்கு மேல் காரணம் சொல்லிவந்த ராமேசுவரம் தீவு உறுப்பினர்களுக்கு, 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டதோடு அந்தக் காரணமும் தீர்ந்துவிட்டது. வருகை மட்டும் கூடவில்லை. பேருந்து எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இனி, ஆண்டு முழுவதும் கூட்டத்துக்கு உள்ளேயும் வெளியேயும் பேசப்பட்ட விளக்கு விஷயத்துக்கு வருகிறேன். பொதுத் தொட்டிக்கு நாற்பத்தைந்தாயிரம் ரூபாயில் ஓர் எல்.இ.டி. விளக்கு வாங்கியது தண்டச் செலவு என்று சில உறுப்பினர்கள் கருதுவதாகவும், அதைக் கூட்டத்தில் சொல்லாமல் டீக்கடையில் சொல்லி வருவதாகவும் அறிகிறேன். பணம் உறுப்பினர்களுடையது, கணக்குக் கேட்க உரிமை உண்டு. ஆகவே விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முதல் ஆட்சேபம், பவளமே வைக்கக் கூடாத தொட்டிக்குப் பவளத்துக்கான விளக்கு எதற்கு என்பது. கல் பவளங்கள், கடல்விசிறிகள் முதலியவை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. நம் கண்ணெதிரே தொடங்கும் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு துண்டுக் கல்லும் எடுக்கக் கூடாது, நாம் எடுக்கவும் இல்லை. நம் தொட்டியில் பாறையாகத் தெரிவது சுட்ட மண்ணும் சிமெண்டும் சேர்த்து நாமே வார்த்தது. ஆனால் பில்லோடு வாங்கி வைத்திருக்கும் மென்பவளங்கள், காளான் வடிவ உயிர்களான மஷ்ரூம்கள், கோமாளி மீன்கள் குடியிருக்கும் அனிமோன்கள் என்ற கடற்சாமந்திகள் ஆகியவற்றின் தசைக்குள்ளும் பவளத்துக்குள் இருக்கும் அதே வகை நுண்பாசிகள்தான் வாழ்கின்றன. அந்தப் பாசி ஒளியைக் கொண்டு தயாரிப்பதில்தான் இவ்வுயிர்களின் பெரும்பங்கு உணவு அடங்கியிருக்கிறது. மீனுக்கு விளக்கு நாம் பார்ப்பதற்காக. அனிமோனுக்கு விளக்கே சோறு.

அடுத்தது, தொட்டி இரவு நேரத் திருமண மண்டபம் போல நீலமாக இருக்கிறது என்பது. கடலில் இறங்க இறங்கச் சிவப்பு ஒளி முதலில் மறைந்து, நீலமே ஆழத்துக்குப் போகிறது. நுண்பாசியும் ஏறத்தாழ 420 முதல் 480 நானோமீட்டர் வரையிலான அந்த ஒளியை நன்றாக உறிஞ்சுகிறது. பிரகாசமான நீல எல்.இ.டி. செய்வது எளிதாக இருக்கவில்லை. அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசே கிடைத்தது. அதே சமயம், நீல ஒளியில் உயிர்கள் பச்சையும் ஆரஞ்சுமாக ஒளிர்வதைப் பார்த்து அவை செழிப்பாக இருப்பதாக எண்ணிவிட வேண்டாம். அது கண்ணுக்கு அழகு. ஆரோக்கியத்துக்குச் சான்று அல்ல.

செலவுக் கணக்கில் கடைக்காரர் சொன்னதை நான் அப்படியே ஏற்கவில்லை. முன்பு இருந்த 250 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கு, சோக் இழுப்பதையும் சேர்த்தால் ஏறத்தாழ 280 வாட். புதிய விளக்கு, நாங்கள் மீட்டர் வைத்துப் பார்த்தபடி, 160 வாட். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் எரித்தால் ஆண்டுக்குச் சுமார் 390 யூனிட் மிச்சம். யூனிட் ஒன்பது ரூபாய் என்று வைத்தாலும் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்தான். மின்கட்டணத்தை மட்டும் பார்த்தால் போட்ட முதல் திரும்பப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். 50,000 மணி நேரம் எரியும் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். நம் கணக்கில் அது பதினைந்து ஆண்டு. ஆனால் அது எல்.இ.டி. சில்லுக்கான ஆயுள், அதைக் குளிர்விக்கும் விசிறிக்கும், மின்சாரம் கொடுக்கும் டிரைவருக்கும் அல்ல. உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே பொரிப்பொரியாக உதிரும் ஊரில் எந்த விசிறி பதினைந்து ஆண்டு சுழலும்? இந்த ஆண்டே விசிறியைக் கழற்றிப் பார்த்தபோது இறக்கைகளின் ஓரத்தில் வெள்ளை உப்புப் படிந்து, திருகுகளில் துரு ஏறத் தொடங்கியிருந்தது. விசிறியையும் டிரைவரையும் தனியே மாற்றக்கூடிய விளக்காகப் பார்த்து நான் தேர்ந்தெடுத்த காரணம் இதுவே. முழுவதும் ஒட்டி மூடிய விளக்கு ஒன்று இதைவிடப் பத்தாயிரம் ரூபாய் குறைவாகக் கிடைத்தது என்பது உண்மைதான்.

அப்படியானால் ஏன் வாங்கினோம் என்றால், வெப்பத்துக்காக. நம் தொட்டி ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். சித்திரை வைகாசியில் நண்பகலுக்கு மேல் அந்த அறைக்குள் நுழைந்தவர்களுக்குத் தெரியும். தண்ணீர் 27, 28 பாகைக்குள் நிற்க வேண்டும். 30ஐத் தாண்டிச் சில நாள் நின்றால், வெப்பமும் ஒளியும் சேர்ந்து நுண்பாசியின் ஒளிச்சேர்க்கையைக் குலைக்க, உயிர் தன் பாசியை வெளியேற்றி வெளிறிப் போகும். 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவில் கோடையில் பவளங்கள் வெளிறியதும் வெப்பத்தால்தான். மெட்டல் ஹாலைடு தன் வெப்பத்தில் பெரும்பகுதியைக் கதிராகத் தண்ணீருக்குள்ளேயே இறக்கும், எல்.இ.டி.யின் வெப்பம் மேலே உலோகத் தகட்டுக்கு ஏறி விசிறி வழியே அறைக்குப் போகிறது. முன்பு பிற்பகல் முழுவதும் ஓயாமல் ஓடிய, தொட்டி நீரைக் குளிர்விக்கும் சில்லர் இப்போது நின்று நின்று ஓடுகிறது. ஆவியாகும் நீருக்கு ஈடாக நாள்தோறும் ஊற்றும் நன்னீரும் குறைந்திருக்கிறது. சில்லர் பழுதானால் ஆகும் செலவை நினைத்துப் பார்க்கிறவர்கள் விளக்கின் விலையை அதிகம் என்று சொல்லமாட்டார்கள்.

பணம் போதாததால் இடப்பாதிக்கு மட்டும் ஒரு விளக்குதான் வாங்க முடிந்தது. வலப்பாதியில் உறுப்பினர் ஒருவர் அன்பளிப்பாகத் தந்த மூன்றடி டி5 வகை மெல்லிய குழல்விளக்குகள் நான்கு, 39 வாட் வீதம், எரிகின்றன. இதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. நேர்மையாகச் சொன்னால், குழல் ஒளி சமமாகப் பரவுகிறது, எல்.இ.டி.யின் கீழே நடுவில் ஒளி அதிகம், ஓரத்தில் குறைவு, பாறைக்கு அடியில் கத்தியால் வெட்டியதைப் போல் நிழல். பாசிக்குப் பயன்படும் ஒளியை அளக்கும், இரவல் வாங்கிய பார் மீட்டரில் எல்.இ.டி.யின் நேர் கீழே, நீர்மட்டத்திலிருந்து ஒரு சாண் ஆழத்தில் 300க்குச் சற்றுக் குறைவாகவும், மணலில் 90 அளவிலும், மூலையில் 60க்கும் கீழாகவும் காட்டியது. மென்பவளத்துக்கும் மஷ்ரூமுக்கும் 50 முதல் 150 வரை போதும் என்பதால், அவற்றை ஓரங்களுக்கும் கீழ்த்தட்டுக்கும் மாற்றினோம். கைபேசிச் செயலியில் லக்ஸ் அளந்து விளக்கு மங்கல் என்று வாதிட்ட உறுப்பினருக்கு: லக்ஸ் மனிதக் கண்ணுக்கு ஏற்ற பச்சை மஞ்சள் ஒளிக்கு முன்னுரிமை தரும் அளவு, நீலத்தை அது மிகக் குறைத்தே காட்டும்.

பொருத்திய நாளில் விளக்கை 40 சதவீதத்தில் வைத்து வாரத்துக்குப் பத்துப் பத்தாகக் கூட்டுவது என்று தீர்மானித்திருந்தோம். அதற்குள், வந்திருந்த விருந்தினருக்குக் காட்ட வேண்டும் என்று ஓர் உறுப்பினர் அதை நூற்றுக்கு ஏற்றிவிட்டு, இறக்காமல் வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் மஷ்ரூம்கள் சுருங்கிக் கிடந்தன. பெரிய அனிமோன் தன் இடத்தை விட்டு நகர்ந்து, பாறையின் பின்பக்கம் கண்ணாடிக்கும் கல்லுக்கும் இடையில் போய் ஒட்டிக்கொண்டது. அதை நம்பியிருந்த இரு கோமாளி மீன்களும் வெறும் கல்லைச் சுற்றிக்கொண்டிருந்தன. அன்று முதல் விளக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டி பூட்டப்பட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது. இதைச் சர்வாதிகாரம் என்று சொன்னவர் யார் என்பதை நான் இங்கே குறிப்பிடவில்லை.

வீட்டுத் தொட்டிக்கும் இதே விளக்கை வாங்கலாமா என்று கேட்போருக்கு என் பதில், வேண்டாம் என்பதே. ஓரடி ஆழமுள்ள சிறு தொட்டியில் மென்பவளமும் மஷ்ரூமும் மட்டும் என்றால், மின்சாதனக் கடையில் கிடைக்கும், தண்ணீர் புகாத, விசிறியில்லாத வெள்ளை எல்.இ.டி. ஃப்ளட் விளக்கே போதும்; அதன் வெள்ளை ஒளியும் நீலச் சில்லிலிருந்து பிறப்பதுதான். 165 வாட் என்று விற்கும் மலிவான கறுப்புப் பெட்டி விளக்குகள் மீட்டரில் 110, 120 வாட்டுக்கு மேல் இழுப்பதில்லை என்பதை மட்டும் மனதில் வையுங்கள். சூரிய ஒளி இலவசம்தானே என்று கேட்போர், அதோடு வரும் சூட்டையும் பாசிப் படலத்தையும் ஏற்கத் தயாராக இருக்க வேண்டும். மின்தடையைப் பற்றியும் ஒரு வார்த்தை: கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கும் மாவட்டத்தில் நம் அறை இருண்டு கிடப்பது வேடிக்கைதான் என்றாலும், அந்நேரத்தில் பேட்டரியை விளக்குக்குக் கொடுக்காதீர்கள். ஒளியின்றி உயிர்கள் இரண்டு நாள் தாங்கும். காற்றுக் குமிழி இன்றி மீன்கள் சில மணி நேரத்திலேயே திணறத் தொடங்கலாம்.

வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் அவர்கள் தனியே சமர்ப்பிப்பார். சுருக்கமாக, வரவும் செலவும் ஏறத்தாழ ஒத்துப்போயின. கடலை மிட்டாய், தேநீர் வகையில் சில பற்றுச்சீட்டுகள் இன்னும் வந்து சேரவில்லை. சந்தாவைப் பொறுத்தவரை பாதிக்கு மேற்பட்டோர் இந்த ஆண்டுத் தொகையையும், சிலர் சென்ற ஆண்டுத் தொகையையும் செலுத்தவில்லை. விளக்கைத் தண்டச் செலவு என்றவர்களில் பெரும்பாலோர் அந்தப் பட்டியலிலேயே இருப்பதால், செலவானது அவர்கள் பணம் அல்ல என்ற ஆறுதலாவது அவர்களுக்கு இருக்கட்டும்.

அறையைத் தொடர்ந்து தந்துதவும் கட்டட உரிமையாளருக்கும், அழைத்தபோதெல்லாம் வந்த எலக்ட்ரீஷியன் தம்பிக்கும், வழிகாட்டிய தலைவர் அவர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் வலப்பாதிக் குழல்கள் நான்கையும் மாற்றியே ஆக வேண்டும். ஓராண்டு எரிந்த குழலில் வெளிச்சம் இருந்தாலும் உயிர்களுக்கு வேண்டிய நிறமாலை மாறிவிடுகிறது. பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023இல் எடுத்த முடிவின்படி, பொது ஒளியூட்டலுக்கான குழல்விளக்குகள் 2027க்குள் நிறுத்தப்பட இருப்பதால், மீன்தொட்டிக் குழல்களும் இனி எளிதாகக் கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது. ஆண்டுதோறும் குழல் வாங்கிக் காலம் தள்ளுவதா, இன்னொரு எல்.இ.டி. வாங்கி இந்தப் பேச்சை முடிப்பதா என்பதைப் பொதுக்குழுதான் தீர்மானிக்க வேண்டும். நிலுவைச் சந்தா முழுவதும் வந்தால் இரண்டாவது விளக்கின் விலையில் பெரும்பகுதி சேர்ந்துவிடும் என்பது பொருளாளரின் கணிப்பு. நிலுவை வைத்திருப்போர் பெயர்களை இவ்வறிக்கையில் சேர்க்கலாம் என்று நிர்வாகக் குழு அனுமதித்தும் நான் சேர்க்கவில்லை. ரசீதுப் புத்தகமும் கியூ.ஆர். அட்டையும் வாசலருகே உள்ள மேசையில் இருக்கின்றன. மதிய உணவு டோக்கனும் அதே மேசையில்தான் வழங்கப்படும்.

இப்படிக்கு,
செயலாளர்