அண்ணாட சலக்குழாய் பற்றி

என்ன கா, சுகமா இருக்கிறியா? இஞ்ச களுவாஞ்சிக்குடியில கச்சான் காத்து அடிச்சு மனிசர வாட்டி எடுக்குது. மகள் சோதினைக்குப் படிக்கிறா, மாமிக்கு முழங்கால் நோ கொஞ்சம் பரவாயில்ல. வீட்டுக் கதை அவ்வளவுதான். உன்ட கடிதம் வாசிச்சதில இருந்து, முதுகெலும்பில அடிபட்டு சலம் (மூத்திரம்) போக எந்த நேரமும் குழாயோட இருக்கிற அண்ணாட நினைப்பாத்தான் இருக்கு. திரும்பவும் சலத்தில கிருமி எண்டு றிப்போட் வந்திருக்கு, அன்டிபயோட்டிக் தொடங்கவா எண்டு கேட்டிருக்கிறாய்.

அண்ணாக்குக் காய்ச்சல் இருக்கா, குளிர் நடுக்கம் இருக்கா, விலாப்பக்கம் நோகுதா, கால் இழுப்பு வழமையவிடக் கூடிட்டா, கதை தடுமாறுதா? இதொண்டும் இல்லாட்டி வெறும் றிப்போட்டுக்காக மருந்து வேணாம். குழாய் போட்டு ஒரு மாசம் போனா கிட்டத்தட்ட எல்லாரிட சலத்திலயும் கிருமி இருக்கும் கா. குழாயிட உள்பக்கம் வழுவழுண்டு ஒரு படை கட்டி அதுக்குள்ள குடியிருக்கும், மருந்து அந்தப் படைக்குள்ள ஒழுங்காப் போகாது. குளிசை குடிச்சா கொஞ்ச நாளைக்கு அடங்கும், பிறகு திரும்ப வரும், வரக்குள்ள அந்த மருந்துக்கு மசியாத கிருமியா வரும். நான் வார்ட்டில தாதி மிஸ்ஸியா நிண்ட காலம் முழுக்க என்னைக் கவலப்படுத்தினது இதுதான், சும்மா இருந்த நேரமெல்லாம் குளிசை குடிச்சிட்டு உண்மையா காய்ச்சல் வந்து நடுங்கிற நேரம் ஒரு குளிசையும் கேக்காம ஊசிக்குப் போக வேண்டி வரும். மணக்குது, கலங்கிக் கிடக்குது எண்டதுக்காக மட்டும் டெஸ்டுக்குக் குடுக்காத.

ஆனா காய்ச்சலோட நடுங்கினா ஒரு நாளும் பிந்தாத, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. குழாய் போட்டு ரெண்டு கிழமைக்கு மேல எண்டா முதல்ல அத மாத்திட்டு புதுக் குழாயால வாற சலத்தத்தான் டெஸ்டுக்கு எடுக்க வேணும் எண்டு கேள். சலம் சேருற பாக்கில இருந்து எடுத்தத நம்பி மருந்து தெரிவு செய்யேலாது.

குழாய் அடைக்குது எண்டும் எழுதியிருந்தாய். அதுக்கும் கிருமிதான் காரணம், புரோட்டியஸ் எண்டு ஒரு வகை, சலத்தில இருக்கிற யூரியாவ உடைச்சு அமோனியாவாக்கும், சலம் காரமாகும், அப்ப உப்புகள் கல்லாப் படியும். அடுத்த முறை மாத்தக்குள்ள கழட்டின குழாயிட நுனிய கையுறையோட விரலுக்கிடையில வச்சு உருட்டிப் பாரு, நரநர எண்டு மணல் அம்பிட்டா அதுதான். எத்தினையாவது நாள் அடைக்குது எண்டு கொப்பியில எழுதி வை, அதுக்கு முன்னுக்கே மாத்தச் சொல்லு. சிலிக்கோன் குழாய் 12 கிழமை வரைக்கும் வைக்கலாம் எண்டாலும் அண்ணாக்கு மூண்டு கிழமையில அடைக்குதெண்டா அவருக்கு மூண்டு கிழமை கூடிப்போச்சு. இந்தக் கச்சானுக்கு நல்லாத் தண்ணி குடுக்க வேணும், தேசிக்காய் பிழிஞ்சு குடுத்தாலும் நல்லம், சலம் ஐதா, வெளிறின மஞ்சளா இருந்தா உப்புப் படியிறது குறையும். மலச்சிக்கலும் ஆகாது, குடல் நிரம்பினா குழாய நெரிக்கும்.

இன்னொண்டு, இத வீட்டில எல்லாருக்கும் சொல்லி வை. அண்ணாக்கு அடிபட்டது நெஞ்சுக்குப் பின்னால மேல் முதுகில. நெஞ்சு முள்ளெலும்பில ஆறாவதும் அதுக்கு மேலயும் அடிபட்டவங்களுக்கு சலப்பை நிரம்பி வெளிய போக வழியில்லாட்டி இரத்த பிரஷர் திடீரெண்டு ஏறும். தலை பிளக்கிற மாதிரி இடிக்கும், முகம் சிவக்கும், மேல் உடம்பு வேர்க்கும். உடன எழுப்பி இருத்து, இறுக்கமான உடுப்பத் தளத்து, குழாய் எங்கயாவது மடிஞ்சிருக்கா, பாக் நிரம்பியிருக்கா பாரு. அப்பயும் சலம் வராட்டி குழாய மாத்த வேணும், பார்த்துக்கொண்டு இருக்காம கொண்டு ஓடு.

நாளாந்தம் பாக்கிறதுகள் உனக்குத் தெரியும். கை கழுவுறது, பாக்க சலப்பையவிடப் பதிவா, நிலத்தில படாமத் தொங்கப் போடுறது, குழாயையும் பாக்கையும் இணைக்கிற இடத்தச் சும்மா சும்மா கழட்டாம விடுறது. டெட்டோல் போட்டுக் கழுவுறத நிப்பாட்டு, சோப்பும் தண்ணியும் போதும், முன்தோலப் பின்னுக்கு இழுத்துக் கழுவிட்டு திரும்ப முன்னுக்கு விட மறக்காதயுங்க. குழாயத் தொடையில பிளாஸ்ரரால ஒட்டி விட்டா இழுபடாது.

இவ்வளவும் சொன்னாலும் எனக்குப் பெரிசாப் படுறது வேறொண்டு. அண்ணாட கை ரெண்டும் நல்லா வேலை செய்யுது, பிறகேன் அவருக்கு எந்த நேரமும் குழாய்? நாளைக்கு நாலஞ்சு தரம் தானே மெல்லிய குழாய விட்டு சலத்த எடுத்துட்டு உடன கழட்டுற முறை இருக்கு. அமெரிக்காவில லப்பிடஸ் எண்ட டொக்டர் 1972இல எழுதினார், கழுவின சுத்தமான கையே போதும், ஒப்பரேஷன் தியேட்டர் சுத்தம் தேவையில்ல எண்டு. சலப்பை ஒழுங்கா வெறுமையாகும், கிருமி தங்கிறதுக்கு உள்ளுக்குக் குழாயும் இல்ல, அதால காய்ச்சலும் குறையும். எல்லாருக்கும் சரிவராது, சலப்பையிட பிரஷர், சலக்குழலில காயம் எல்லாம் பார்த்துத்தான் டொக்டர் முடிவெடுப்பார், ஆனா கேக்காம விட்டா ஆரும் தானாச் சொல்ல மாட்டாங்க. அண்ணா வெக்கப்படுவார், அவர்ட்ட நீயே கதை, நீ சொன்னாத்தான் கேப்பார்.

மட்டக்களப்புக்குக் கிளினிக் கொண்டு வாற நாள முன்னுக்கே சொல்லு. தம்பிலுவில்ல இருந்து விடிய வெளிக்கிட்டு வாங்க, நான் களுவாஞ்சிக்குடிச் சந்தியில ஏறுறன். கொப்பியையும் பழைய றிப்போட்டுகளையும் மறக்காமக் கொண்டு வா கா.