கமலாவுக்கு: வாய்விட்டுச் சொல்ல முடியாத வலி பற்றி

அன்புள்ள கமலாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலம் விசாரிப்பை இரண்டு வரியில் முடித்துக்கொண்டு நேராக உன் கணவரின் உடல்நிலைக்கு வந்துவிட்டாய். நானும் அப்படியே எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள். அம்மாவின் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடை பழகினாள். அம்மாவுக்கு அது தெரியுமா என்று யாராலும் சொல்ல முடியாது. மறதி நோய் முற்றியதில் அவளுக்குப் பேச்சு முழுதாக நின்றுவிட்டது. எழுந்து உட்காரவும் ஆள் துணை வேண்டும். ஊட்டினால் விழுங்குகிறாள், சில வேளை விழுங்க மறந்து வாயிலேயே வைத்துக்கொள்கிறாள். ஆனால் முன்போல அலறுவதில்லை. அந்த அலறல் எப்படி அடங்கியது என்பதைத்தான் உனக்கு விரிவாக எழுத வேண்டும்.

குளிப்பாட்டப் போனால் கையை ஓங்குகிறார், உடை மாற்றினால் கத்துகிறார், பொழுது சாய்ந்தால் முனகல் ஓய்வதில்லை, அமைதிப்படுத்தும் மருந்தின் அளவைக் கூட்டிய பிறகு பகலெல்லாம் மயங்கிக் கிடக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். நோய் முற்றினால் இப்படித்தான் இருக்கும் என்று பார்க்க வருகிறவர்கள் சொல்வதாகவும் எழுதியிருக்கிறாய். அந்தப் பேச்சை நீ ஏற்றுக்கொள்ள வேண்டாம். மறதி நோய் முற்றியவர் கத்தினால், எங்கே வலிக்கிறது என்று முதலில் தேட வேண்டும். தேடிப் பார்த்து எதுவும் அகப்படாத பிறகு நோயைப் பழி சொல்லிக்கொள்ளலாம்.

இந்த நோய் நினைவையும் மொழியையும் கொண்டுபோய்விடுகிறது. வலி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வலிக்கிறது என்று சொல்லவும், இடத்தைத் தொட்டுக் காட்டவும், மாத்திரை கொடு என்று கேட்கவும் முடியாமல் போவதால், கேட்கத் தெரிந்தவர்களுக்குக் கிடைக்கும் மருந்து இவர்களுக்குக் கிடைப்பதில்லை. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் சேர்ந்த முதியவர்களை ஒப்பிட்டுப் பார்த்தது. நினைவு தெளிவாக இருந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்ட மார்ஃபின் என்னும் வலுவான வலிமருந்தின் அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மறதி நோய் முற்றியவர்களுக்குக் கிடைத்திருந்தது. எலும்பு முறிந்தால் யாருக்கும் வலிக்கும் என்பதில் சந்தேகமே கிடையாது. அதற்கே இந்த நிலைமை என்றால், வெளியே தெரியாத மூட்டுவலிக்கும் பல்வலிக்கும் என்ன கிடைக்கும் என்று நீயே யோசித்துக்கொள்.

இதன் மறுபக்கத்தைக் காட்டிய ஆய்வு நார்வேயில் நடந்து 2011இல் வெளியானது. முதியோர் பராமரிப்பு இல்லங்களில், நோய் நடுத்தர நிலையையோ முற்றிய நிலையையோ எட்டி, படபடப்பும் மூர்க்கமுமாக இருந்த 352 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்கு எட்டு வாரங்கள் வலிக்கான மருந்தைப் படிப்படியாக, ஒழுங்காகக் கொடுத்தார்கள். பெரும்பாலோருக்குக் கொடுத்தது நம் வீடுகளில் காய்ச்சலுக்கு வைத்திருக்கும் பாராசிட்டமால்தான். அவர்களுடைய படபடப்பு சராசரியாக 17 சதவீதம் குறைந்தது. மருந்தை நிறுத்திய பிறகு மறுபடி கூடியது. அம்மாவைப் பார்க்க வீட்டுக்கு வந்த நோய்த்தணிப்பு மருத்துவர்தான் (தீராத நோயிலும் வலியையும் அவதியையும் குறைக்க வைத்தியம் செய்பவர்) இதை எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு, ஒரு வாரம் வலி இருப்பதாகவே வைத்துக்கொண்டு வைத்தியம் செய்து பார்ப்போம், தணிந்தால் அதுவே சாட்சி என்றார். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் சொல்லாததை அந்த ஒரு வாரம் சொல்லியது.

வலியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருந்தாய். பேச முடியாதவர்களுக்கென்று 2003இல் உருவாக்கிய ஓர் அளவுமுறை இருக்கிறது, பெய்னாட் என்பார்கள். மூச்சு, முனகல் அல்லது கத்தல், முகபாவம், உடம்பு இறுகியிருக்கும் விதம், தொட்டோ பேசியோ தேற்றினால் தேறுகிறாரா என்பது ஆகிய ஐந்தையும் சில நிமிடம் கவனித்து, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் 2 வரை மதிப்பெண் போட்டு, பத்துக்கு எவ்வளவு என்று பார்ப்பார்கள். அசையாமல் படுத்திருக்கும்போது ஒரு முறையும், புரட்டும்போதோ உடை மாற்றும்போதோ ஒரு முறையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் மூட்டுவலி உள்ளவர் சும்மா படுத்திருக்கையில் சாந்தமாகவே தெரிவார். இந்த எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதே. குளிர்ந்த தண்ணீர் பட்டாலும், யாரோ முன்பின் தெரியாதவர் சட்டையைக் கழற்றுகிறார் என்று பயந்தாலும் அதே மதிப்பெண் வரும். நேற்றைய அவரையும் இன்றைய அவரையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்குத்தான் அது பயன்படும். நான் ஒரு குறிப்பேட்டில் நேரம், என்ன செய்துகொண்டிருந்தோம், முகம் எப்படி இருந்தது, மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து எப்படி இருந்தது என்று எழுதி வைக்கிறேன். பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வரும் பெண் முதலில் இதைப் பார்த்துச் சிரித்தாள். இப்போது என்னைவிட நுணுக்கமாக எழுதுகிறாள். இடது புறத்திலிருந்து கரண்டியை நீட்டினால் மட்டும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்பதை அவள்தான் எழுதியிருந்தாள். வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது அந்தப் பக்கக் கடைவாய்ப் பல் உடைந்து, கன்னத்தின் உட்புறத்தைக் கிழித்துக்கொண்டிருந்தது. பல் மருத்துவர் விளிம்பைத் தேய்த்துவிட்டுப் போனதும் சாப்பாட்டு நேரத்துப் போராட்டம் அடங்கியது.

ஆகவே அவரைத் தலை முதல் கால் வரை ஒரு முறை பொறுமையாகப் பார். பல், ஈறு, பல்செட் கட்டியிருந்தால் அது உரசும் இடம், காதில் அடைத்த அழுக்கு, சதைக்குள் வளர்ந்த கால் நகம், இடுப்பின் பின்புறம், குதிகால், சமீபத்தில் விழுந்திருந்தால் இடுப்பும் மணிக்கட்டும் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அடிவயிறு கல் போல இருந்தால் சிறுநீர் தேங்கியிருக்கலாம். மலச்சிக்கல் இவை எல்லாவற்றிலும் பொல்லாதது. இறுகிய மலம் அடைத்துக்கொண்டிருக்க, அதன் ஓரமாகத் தண்ணீர் போலக் கசியும். அதை வயிற்றுப்போக்கு என்று எண்ணி அதற்கு மருந்து கொடுத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். ஒன்றிரண்டு நாளில் திடீரென்று ஆளே மாறிப்போனார் என்றால் அது பழைய நோயின் வேலையாக இருக்காது. சிறுநீர்த் தொற்றோ நுரையீரல் தொற்றோ இருக்கிறதா என்று டாக்டர் உடனே பார்க்க வேண்டும்.

இன்னொன்று, அவருடைய முழங்கால். வேலையில் இருந்த காலத்திலேயே மாடிப்படி ஏற முடியாமல் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்பாரே, ஞாபகம் இருக்கிறதா? அந்த மூட்டு இப்போதும் அதே மூட்டுதான், நடக்காமல் கிடந்ததில் இன்னும் இறுகியிருக்கும். அவருக்கு அது மறந்துபோயிருக்கலாம், முழங்கால் மறக்காது. உடை மாற்றும்போது கத்துகிறார் என்றாயே, காலை மடக்கும் கணத்திலா என்று கவனித்துப் பார். அவருடைய வலிகளின் வரலாறு தெரிந்த ஒரே ஆள் நீதான். டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டியவளும் நீதான்.

மருந்து விஷயத்தில் எனக்கு விளங்கிய முக்கியமான செய்தி, வலி வந்த பிறகு கொடுப்பது என்பது இவர்களுக்குப் பொருந்தாது என்பது. கேட்டால் கொடுங்கள் என்று சீட்டில் எழுதினால் யார் கேட்பது? கடிகாரத்தைப் பார்த்து வேளை தவறாமல் கொடுக்க வேண்டும். பாராசிட்டமாலுக்குப் பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராம் என்பது பொதுவான உச்சவரம்பு. மெலிந்தவர்களுக்கும் கல்லீரல் கெட்டவர்களுக்கும் டாக்டர்கள் அதைவிடக் குறைத்தே வைப்பார்கள். சளி மாத்திரைகள் பலவற்றிலும் இதே மருந்து கலந்திருப்பதால் அதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். குளிப்பாட்டுவதற்கும் புண்ணுக்குக் கட்டு மாற்றுவதற்கும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் ஒரு வேளை மருந்து விழும்படி நேரத்தை அமைத்துக்கொண்டால் பாதிப் போர் அங்கேயே முடிந்துவிடும். புரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் வயதானவர்களின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும் என்பதால் நீயாக எதையும் தொடங்காதே. விழுங்கக் கஷ்டப்படுகிறார் என்று மாத்திரைகளைப் பொடிக்கிறாய் என்றால், எதைப் பொடிக்கலாம் என்று முதலில் கேட்டுக்கொள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்தால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரே மூச்சில் உடம்பில் இறங்கிவிடும்.

மார்ஃபின் என்ற பேச்சு வந்தால் பயந்துவிடாதே. அந்தப் பெயரைக் கேட்டதுமே காலம் முடிந்துவிட்டது என்று உறவினர்கள் அழத் தொடங்குவார்கள். குறைந்த அளவில் தொடங்கி, கவனித்துக் கவனித்துக் கூட்டினால், அது வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் நல்ல மருந்து. அதைத் தொடங்கும் அன்றே மலமிளக்கியையும் சேர்த்துத் தொடங்க வேண்டும். மார்ஃபின் வகையைச் சேர்ந்த, தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டையை, அவ்வகை மருந்து ஏற்கெனவே பழகாதவர்களுக்கு ஒட்டக் கூடாது. பழகியவர்களுக்கும் புதியதை ஒட்டும்போது பழையதை எடுத்துவிட வேண்டும், அதன் மேல் வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது.

அமைதிப்படுத்தும் மருந்தைப் பற்றியும் உன்னிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவ்வகையில் மனநோய்க்கென்று வந்த மருந்துகளால் மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு இறப்பு கூடுகிறது என்று 2005இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. தன்னையோ பிறரையோ காயப்படுத்திக்கொள்ளும் அளவுக்குப் போகும்போது அவை தேவைப்படலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் வலியால் கத்துகிறவருக்கு மயக்கம் தரும் மருந்தைக் கொடுத்தால் கத்தல் நிற்கும், வலி நிற்காது. அதற்காக நீயே அதை நிறுத்திவிடவும் வேண்டாம். வலிக்கு வைத்தியம் தொடங்கிவிட்டு இதை எப்படிக் குறைப்பது என்று டாக்டரிடம் கேள்.

வலியில் பெரும்பகுதி நாம் தொடும் விதத்திலும் இருக்கிறது. பின்னாலிருந்து தொடாமல் எதிரே வந்து, கண்ணுக்குக் கண் பார்த்து, என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிவிட்டுத் தொட வேண்டும். தினமும் குளிப்பாட்டியே தீர வேண்டும் என்பதை நான் விட்டுவிட்டேன். போர்வைக்குள்ளேயே உடம்பை மூடி வைத்துக்கொண்டு, வெதுவெதுப்பான ஈரத்துண்டால் ஒவ்வொரு பாகமாகத் துடைத்தால் அம்மாவுக்குப் போதும். புரட்டும்போது இழுக்காமல், அடியில் விரித்த துணியோடு இரண்டு பேராகத் தூக்க வேண்டும். காற்று மெத்தை இருந்தாலும், பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றத்தான் வேண்டும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் எதிலும் படாமல் பார்த்துக்கொள். எலும்பு துருத்தும் இடத்தில் தோல் சூடாகவோ கெட்டியாகவோ தட்டுப்பட்டால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கருத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது.

அம்மாவின் வலது கை மூடியே இருக்கும். பிரிக்கப் போனால் மணிக்கட்டிலிருந்து தோள் வரை விறைத்துக்கொள்வாள். இப்போது அந்தக் கையை வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் வைத்திருந்து, மணிக்கட்டை லேசாக உள்பக்கம் வளைத்துப் பிடித்தால் விரல்கள் தாமாகத் தளர்கின்றன. முதலில் சுண்டுவிரல், பிறகு மற்றவை. உள்ளங்கையில் நகம் பதிந்த பிறைத் தழும்புகளைத் துடைத்து, ஈரம் போக ஒற்றி, சுருட்டிய மெல்லிய துணி ஒன்றைப் பிடிக்கக் கொடுக்கிறோம். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். புருவம் நெரிந்தால் அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். இயன்முறை மருத்துவர் காட்டிக்கொடுத்த முறைதான் இது. நீயும் ஒருவரை அழைத்துக் காட்டிக் கற்றுக்கொள்.

குழாய் வழியாக உணவு கொடுக்கச் சொல்லி உன் மைத்துனர் வற்புறுத்துவதாக எழுதியிருந்தாய். மறதி நோய் முற்றிய நிலையில் உணவுக் குழாய் ஆயுளைக் கூட்டுவதாகவோ, புரையேறி வரும் நிமோனியாவைத் தடுப்பதாகவோ நிரூபணம் இல்லை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014இல் வெளியிட்ட நிலைப்பாட்டிலும் குழாய் வேண்டாம், கையால் பொறுமையாக ஊட்டுங்கள் என்றே சொல்லியிருக்கிறது. குழாயைப் பிடுங்குகிறார் என்று கையைக் கட்டிப் போடும் நிலையும் பல வீடுகளில் வந்துவிடுகிறது. நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்து, சிறு சிறு வாயாக, விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்த வாயைக் கொடுத்து, அவர் போதும் என்று வாயை மூடினால் அங்கேயே நிறுத்திக்கொள். உதட்டையும் நாக்கையும் ஈரமாக வைத்திருப்பது உணவைவிட அவருக்கு ஆறுதலாக இருக்கும். பட்டினி போடுகிறாய் என்று மைத்துனர் சொன்னால் அவரையே ஒரு வேளை ஊட்டச் சொல். இதை நான் விளையாட்டாக எழுதவில்லை.

உன்னைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தாய், அதுவும் தூக்கமில்லை என்று. இரவில் ஒரு ஆள் வைத்துக்கொள், அல்லது மகனை முறைபோட்டுக்கொண்டு வரச் சொல். தூங்காத கையால் மெதுவாகப் புரட்ட முடியாது. அவருடைய வலிக்கான வைத்தியத்தில் உன் தூக்கமும் சேர்ந்ததுதான்.

டாக்டரைப் பார்க்கும்போது குறிப்பேட்டைக் கொண்டுபோ. வலி இருப்பதாக வைத்துக்கொண்டு ஒரு வாரம் வேளை தவறாமல் மருந்து கொடுத்துப் பார்க்கலாமா என்று நேராகக் கேள். நோய்த்தணிப்புச் சிகிச்சைக்காரர் யாராவது வீட்டுக்கு வருவார்களா என்றும் விசாரி. அவர்கள் கடைசி நாட்களுக்கு மட்டுமே உரியவர்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதே. கடிதம் எழுத நேரம் கிடைக்காவிட்டால் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினாலும் போதும், நான் படித்துக்கொள்கிறேன். முழங்காலைப் பற்றி டாக்டர் என்ன சொன்னார் என்பதை மட்டும் அன்றைக்கே தெரிவித்துவிடு.

அன்புடன்,
சரோஜா