வாளிக்கு வந்த கூட்டம்

தங்கச்சிமடம்,
மே 11.

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் போன வாரமே கிடைத்தது. மீன்பிடித் தடைக்காலம், மச்சான் சும்மாதான் இருப்பான், உடனே எழுதிவிடுவான் என்று நினைத்திருப்பாய். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கிடக்கும் இந்த 61 நாளில்தான் கருவாட்டுக்கு மவுசு. நாட்டுப்படகில் வரும் பச்சை மீனின் விலையைக் கேட்டுப் பயந்தவர்கள் எல்லாம் நம் கடைக்குத்தான் வருகிறார்கள்.

திருப்பூரில் கருப்பட்டிக் காபிக் கடை போடுவதாக எழுதியிருக்கிறாய். ரொம்ப சந்தோஷம். திறப்பன்று வருகிறவர்களுக்கெல்லாம் கடைப் பெயர் பொறித்த எவர்சில்வர் டம்ளர் இலவசமாகக் கொடுக்கலாமா என்று கேட்கிறாய். என் வாளிக் கதையைக் கேட்டுவிட்டு நீயே முடிவு செய்.

போன வருஷம் பக்கத்தில் இன்னொரு கருவாட்டுக் கடை வந்தது. எனக்கு ஒரு பதற்றம். மதுரையில் 200 பிளாஸ்டிக் வாளி எடுத்தேன், ஒன்று 35 ரூபாய். 'ஒரு கிலோ நெத்திலிக்கு ஒரு வாளி இலவசம்' என்று தட்டி எழுதி வைத்தேன். கூட்டம் என்றால் கூட்டம்! ஆனால் ஒருவராவது நெத்திலியைக் கையில் அள்ளி முகர்ந்து பார்க்கவேண்டுமே? எல்லோரும் வாளியைத்தான் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். ஓர் அம்மா சிவப்பு நிறம்தான் வேண்டும் என்று கால் மணி நேரம் நின்றார். வாளியை நிறுத்திய மறு வாரம், வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "வாளி இல்லையாண்ணே?" என்று கேட்டபடியே நடையைக் கட்டினார்கள். அதுவரை சரியாகத் தெரிந்த என் நெத்திலி விலை, வாளி இல்லாமல் அவர்களுக்கு அதிகமாகத் தெரிந்தது. அதுதான் எனக்கு வலித்தது.

மகள் பி.காம். படிக்கிறாள் அல்லவா, அவள் சிரித்துவிட்டு ஒரு சோதனையைச் சொன்னாள். 2007இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டது. உயர்ந்த சாக்லேட் 15 சென்ட், சாதாரண சாக்லேட் 1 சென்ட் என்று வைத்தபோது, எடுத்தவர்களில் 73 சதவீதம் பேர் உயர்ந்ததை எடுத்தார்கள். இரண்டிலும் ஒரு சென்ட் குறைத்து 14, பூஜ்யம் என்று ஆக்கினார்கள். வித்தியாசம் அதே 14 சென்ட்தான். ஆனாலும் 69 சதவீதம் பேர் ஓசிப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். ஓசி என்றதும் கணக்குப் போடுகிற மூளை கடையைச் சாத்திவிடுகிறது போல.

ரிக்லி என்ற சூயிங்கம் கம்பெனிக்காரர் கதையும் சொன்னாள். அவர் 1891இல் சிகாகோவில் சோப்பு விற்றாராம். சோப்போடு பேக்கிங் பவுடர் இலவசம் என்றார். ஜனங்களுக்குப் பவுடர்தான் பிடித்தது. சரி என்று பவுடர் வியாபாரத்துக்கு மாறி, அதோடு சூயிங்கம் கொடுத்தார். அது பவுடரையும் தூக்கிச் சாப்பிட்டது. மனுஷன் பேசாமல் சூயிங்கமே விற்கப் போய்விட்டார். அந்தக் கணக்குப்படி நான் இந்நேரம் தங்கச்சிமடத்தில் வாளிக் கடை வைத்திருக்க வேண்டும்.

இப்போது கீழக்கரை தொதல் கடையை நினைத்துப் பார். நாம் போய் நின்றதும் என்ன செய்வார்கள்? கத்தி முனையில் ஒரு துண்டு வெட்டிக் கையில் வைப்பார்கள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் நாக்கில் கரையும்போது விலை கேட்கவா தோன்றும்? தின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பவும் கூச்சமாக இருக்கும். அந்தக் கடை ஓசியாகக் கொடுப்பதும் தொதல், காசுக்கு விற்பதும் தொதல்.

நான் கருவாட்டை வறுத்து நீட்ட முடியாது. ராமேஸ்வரத்துக்குச் சாமி கும்பிடப் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். அதனால் கொசுறு முறைக்குத் திரும்பிவிட்டேன். நெத்திலி வாங்கினால் ஒரு கை காரல், காரல் வாங்கினால் கொஞ்சம் திருக்கை. தட்டியில் எழுதுவதில்லை, பொட்டலம் கட்டும்போது தனியாக மடித்துப் போடுவதோடு சரி. எல்லோரும் திரும்பி வருவதில்லை. வருகிறவர்கள் அந்தக் காரலைக் கேட்டு வருகிறார்கள்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது சிம்முக்கு நாம் வரிசையில் நின்றது ஞாபகம் இருக்கிறதா? அடுத்த மார்ச் வரை ஓசி. அதற்குள் கை பழகிவிட்டது, ஏப்ரலில் காசு கட்டினோம். அவர்களிடம் பணம் இருந்தது, பழக்கம் வரும்வரை தாங்கினார்கள். நம்மால் ஒரு மாதம் தாங்க முடியுமா?

அதனால் டம்ளர் வேண்டாம் மாப்ள. வீட்டுக்குப் போன டம்ளரில் அவர்கள் வேறு காபிதான் குடிப்பார்கள். பனியன் கம்பெனி ஷிப்ட் விடும் நேரமாகப் பார்த்து, வாசலில் நின்று ஆளுக்குக் கால் டம்ளர் காபி கொடு. முழு டம்ளர் கொடுத்தால் ஆசை அன்றே தீர்ந்துவிடும். இரண்டு மூன்று நாள் போதும். எந்த நாள் வரை என்று முதலிலேயே எழுதிப் போட்டுவிடு, அப்புறம் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

சாயல்குடிப் பக்கம் புதுக் கருப்பட்டி வர ஆரம்பித்திருக்கிறது. எத்தனை கிலோ வேண்டும் என்று சொல், விலை பேசி வைக்கிறேன். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

இத்தோடு அரைக் கிலோ நெத்திலி அனுப்பியிருக்கிறேன், காரல் கொசுறு. எல்லாவற்றையும் ஒரு சிவப்பு வாளிக்குள் வைத்துக் கட்டியிருக்கிறேன். இன்னும் 11 மிச்சம் இருக்கிறது.

உன்
மச்சான்