மாலை வகுப்பு நடந்த கதை: 2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், மன்ற உறுப்பினர்களுக்கும், இன்று முதல் தடவையாக வருகைப் பதிவேட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும் மாலை வகுப்புக்காரர்களுக்கும் வணக்கம்.

வழக்கமாக இந்த அறிக்கை பொங்கல் விளையாட்டுப் போட்டியில் தொடங்கும். இந்த முறை அதை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறேன். போட்டி நடந்தது, கயிறு இழுப்பதில் கீழத்தெரு ஜெயித்தது, மேலத்தெருவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை. சந்தா பாக்கி, கரண்ட் பில், வரவு செலவு எல்லாம் பொருளாளர் வாசிப்பார். நான் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு நாம் நடத்திய மாலை வகுப்பைப் பற்றியும், அதற்காக நாம் வாசல் வாசலாக ஏறி இறங்கிய நிறுவனங்களைப் பற்றியும்தான் பேசப்போகிறேன்.

போன பொதுக்குழுவில் வகுப்புக்கான தீர்மானம் வந்தபோது, "அறிவொளியிலேயே எல்லாரும் படித்தாயிற்றே, இன்னும் என்ன முதியோர் கல்வி?" என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. 1991இல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தால் நம் புதுக்கோட்டை மாவட்டமே இரவுப் பள்ளிக்கூடமாக மாறியது. கல்குவாரியில் கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். அன்று அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனவர்கள் இதோ முன்வரிசையில் இருக்கிறார்கள். ஆனால் இயக்கம் ஓய்ந்த பிறகு, கற்றவர்கள் கையில் படிப்பதற்கு என்று ஒன்றும் இல்லை. நம் ஊரிலேயே எத்தனையோ பேருக்கு எழுத்து வந்தது, வந்த வழியே போய்விட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாவட்டத்தின் எழுத்தறிவு 77 சதவீதம். அதாவது ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குப் படிக்கத் தெரியாது. அவர்களும்தான் வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி கட்டுகிறார்கள். இதை நான் அங்கே சொன்னபோது யாரும் பதில் பேசவில்லை. தீர்மானம் நிறைவேறியது.

வகுப்பைப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் தொடங்கினோம். அது 2022 முதல் நடக்கிறது. 15 வயதைத் தாண்டிய, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கானது. 200 மணி நேர வகுப்பு, சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலருக்குச் சம்பளம் கிடையாது. கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் பேசிப் புத்தகம் வாங்கினோம். பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருந்த நம் ஊர்ப் பெண் ஒருவர் சொல்லிக்கொடுக்க வந்தார். மாலை ஐந்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் வகுப்பு என்று அறிவித்தோம். முதல் வாரம் டீச்சரம்மா மட்டும்தான் வந்தார். ஐந்து மணிக்கு யார் வருவார்கள்? மாடு கறக்க வேண்டும், பால் ஊற்ற வேண்டும், உலை வைக்க வேண்டும். அப்புறம் வகுப்பை நம் படிப்பகத்துக்கு மாற்றி, நேரத்தை ஏழரை ஆக்கினோம். அது சீரியல் நேரம். சீரியலோடு போட்டி போட்டு ஜெயித்த பெருமை டீச்சரம்மாவைத்தான் சேரும்.

எப்படி ஜெயித்தார் என்பதைச் சொல்ல வேண்டும். பாடப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, "உங்கள் வீட்டில் எழுத்து இருக்கிற எதையாவது எடுத்து வாருங்கள்" என்றார். ஒரு அக்கா பால் சொசைட்டி சீட்டைக் கொண்டுவந்தார். கொழுப்பு 4.3, இதர சத்து 8.15 என்று இருந்தது. இந்த இரண்டையும் வைத்துத்தான் லிட்டருக்கு விலை போடுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். சீட்டில் எது எது என்பது தெரியாது. டீச்சரம்மா பலகையில் 8.2, 8.15 என்று எழுதி, எது பெரிது என்று கேட்டார். "8.15தான். பதினஞ்சாச்சே!" என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. அன்றைக்கு ஒன்றரை மணி நேரமும் அந்தப் புள்ளியிலேயே போயிற்று. கடைசியில் ரூபாயும் பைசாவுமாகச் சொன்னபோதுதான் பிடிபட்டது. எட்டு ரூபாய் இருபது பைசா, எட்டு ரூபாய் பதினைந்து பைசா. மறுநாள் அந்த அக்கா ஒரு மாதச் சீட்டையும் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அங்கிருந்துதான் வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போகும் எண்ணம் வந்தது. வம்பன் 8 ரக உளுந்தை நம் ஊரில் விதைக்கிறார்களே தவிர, அது பிறந்த வம்பனின் வாசலை மிதித்தவர்கள் குறைவு. நிலையத்து அதிகாரிகள் ஒரு நாள் பயிற்சிக்கு நம் படிப்பகத்துக்கே வந்தார்கள். பயறு ஒண்டர் என்ற பயிர்ச் சத்துக் கலவையை ஏக்கருக்கு 2 கிலோ, 200 லிட்டர் தண்ணீரில் கரைத்துப் பூக்கும் பருவத்தில் தெளிக்க வேண்டும் என்றார்கள். எல்லாரும் தலையாட்டினோம். பின் வரிசையிலிருந்து ஓர் அப்பத்தா, "என் டேங்க்கு பத்து லிட்டரு. அதுல எம்புட்டுப் போடணும்?" என்று கேட்டார். அதிகாரி வாய் திறப்பதற்குள் டீச்சரம்மா சாக்பீஸை அந்த அப்பத்தா கையிலேயே கொடுத்துவிட்டார். 200 லிட்டருக்கு 20 டேங்க். 2,000 கிராமை 20ஆல் வகுத்தால் டேங்க்குக்கு 100 கிராம். பக்கத்தில் இருந்தவர்கள் துணையோடு அவரே எழுதி முடித்தார். வேளாண் பயிற்சியும் எழுத்தறிவு வகுப்பும் வேறு வேறு துறை, வேறு வேறு கோப்பு. அன்றைக்கு இரண்டும் ஒரே பலகையில் நடந்தன. இந்த ஆண்டு நாம் செய்த உருப்படியான காரியம் இதுதான் என்பது என் கருத்து.

தையல் பயிற்சி இவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. வங்கிகள் நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1982இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தர்மஸ்தலா அறக்கட்டளையும் இரண்டு வங்கிகளும் சேர்ந்து தொடங்கியதைப் பார்த்து, பிறகு நாடு முழுக்க மாவட்டந்தோறும் வந்தவை. பயிற்சி இலவசம், சாப்பாடும் உண்டு. நம் பெண்கள் சிலர் பெயர் கொடுத்தார்கள். தேதி வந்தது, பார்த்தால் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிய வாரம். காப்புக் கட்டிவிட்டால் ஊர் எல்லை தாண்டி ராத்தங்க முடியாது. "அதெல்லாம் பார்த்தால் எப்படி?" என்று போனில் கேட்டார்கள். பார்க்காமல் எப்படி என்று நானும் கேட்டேன். நாலைந்து போனுக்குப் பிறகு அடுத்த அணியில் சேர்த்துக்கொண்டார்கள், அதற்கு நன்றி. ஆனால் அப்போது அங்கே வயது வரம்பு 45தான். 46, 47 வயதில் புருஷனை இழந்து, உடனே ஒரு தொழில் தேவைப்பட்ட இரண்டு பேரைத் திருப்பி அனுப்பும்படி ஆயிற்று. வம்பனில் யாரும் வயதைக் கேட்கவில்லை.

ஒரு தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கணினிப் பயிற்சி தருகிறோம், அரசுச் சான்றிதழ் கிடைக்கும் என்று ஒரு தனியார் நிறுவனம் வந்தது. விசாரிக்காமல் படிப்பகத்தைத் திறந்துவிட்டவன் நான்தான். ஆதார் நகல் வாங்கினார்கள், போட்டோ எடுத்தார்கள், மூன்று நாள் வகுப்பு எடுத்தார்கள், அப்புறம் போனை எடுக்கவில்லை. சான்றிதழ் இன்றுவரை வரவில்லை. இனிமேல் எழுத்துமூல ஒப்பந்தம் இல்லாமல் யாருக்கும் சாவி கிடையாது என்று கமிட்டி முடிவு செய்திருக்கிறது. சாவியும் இப்போது தலைவரிடம்தான் இருக்கிறது.

எழுத்தறிவுத் தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. வாசித்தல், எழுதுதல், கணக்கு ஒவ்வொன்றுக்கும் 50 மதிப்பெண், மொத்தம் 150. ஒன்றாம் வகுப்புப் பெஞ்சில் முழங்காலை மடக்க முடியாமல் பாதிப் பேர் தரையில் உட்கார்ந்து எழுதினார்கள். பேரப்பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து விடை சொல்ல, அவர்களை விரட்டும் வேலை எனக்கு.

தேர்ச்சி பெற்றவர்களில் மூன்று பேர் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதலாமா என்று கேட்கிறார்கள். பன்னிரண்டரை வயது நிறைந்த யாரும் எழுதலாம், மேல் வரம்பு இல்லை. இந்த ஆண்டு அதற்குத் தனி வகுப்பு தொடங்கப் பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும். அறிவியல் எடுக்க ஆள் இல்லை; ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் யாராவது இன்றே பெயர் கொடுத்தால் நல்லது. கூடவே இரண்டு டியூப் லைட், பெரியவர்கள் உட்காரத் தோதான பத்து நாற்காலி, படிக்க வருபவர்களுக்குக் கண் பரிசோதனை முகாம் ஒன்று. எழுத்து வரவில்லை என்று நாம் நினைத்த சிலருக்கு, உண்மையில் பலகை தெரியவில்லை.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். திங்கட்கிழமை வகுப்பு வழக்கம்போல ஏழரைக்கு.

செயலாளர்