துணைக்கு ஓர் ஆள்

அன்புள்ள மச்சான்,

போன வாரம் போனில் பேசிக்கொண்டிருந்தபோது பாதியில் கட் ஆகிவிட்டது. கடைசியாக நீ கேட்டது, "உங்க கோயில்ல கொடுக்கிறதெல்லாம் உங்க ஆளுங்களுக்கு மட்டும்தானா?" என்று. இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பேன். ஆனால் இந்த ஒன்றரை வருஷமாக நான் எதில் கிடக்கிறேன் என்று உன்னிடம் உட்கார்ந்து சொல்லவே வாய்க்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். உன் தங்கச்சிக்கு மட்டும் முழங்கால் வலி விடவே இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றதை நீ டிவியில் பார்த்திருப்பாய். எங்கள் சர்ச்சின் பங்கு மண்டபத்தில் அண்டா வைத்துச் சமைத்தோம், பொட்டலம் கட்டுவது என் வேலை. கொடுக்கும்போது ஒரு பையன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டே வந்தான். பத்தாவது படிக்கிற வயசிருக்கும் ஒரு பெண், பொட்டலத்தை ஒரு கையில் வாங்கிக்கொண்டு மறுகையால் துப்பட்டாவை முகத்தில் இழுத்துக்கொண்டாள். அன்று ராத்திரி முழுக்க அந்தக் கைதான் கண்ணுக்குள் நின்றது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் வின்சென்ட் தே பவுல் சபைப் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "அப்ப நீ நம்ம சபைக்கு வா" என்றார். உனக்கு இது புதுசாக இருக்கும். 1833இல் பாரிஸில் பிரெடரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவர் தன் கூட்டாளிகளோடு ஆரம்பித்த சபை. ஏழைகளை நேரில் பார்க்கப் போவது எப்படி என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் ரோசலி ரெந்து என்ற கன்னியாஸ்திரீ. அந்த முறை இன்னும் மாறவில்லை: யாரையும் வரிசையில் நிறுத்தாமல் அவர் வீட்டுக்கு நாமே போக வேண்டும், இரண்டு பேராகப் போக வேண்டும், போனால் உட்கார்ந்து பேச வேண்டும். வாரம் ஒரு கூட்டம் நடக்கும். முதலில் ஜெபம், அப்புறம் எந்த வீட்டில் என்ன நிலைமை என்ற பேச்சு, கடைசியில் ஒரு பை சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. வீடுகளில் பார்த்ததைப் பெயர் சொல்லி வெளியே பேசக் கூடாது என்பதால் உனக்கும் பெயர், தெரு எதுவும் சொல்ல மாட்டேன்.

நாங்கள் போகிற வீடுகளில் பாதிக்கு மேல் கிறிஸ்தவர்கள் கிடையாது. இப்போது மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகு எதுவும் காசிமேட்டை விட்டு நகராது. மீனவர் குடும்பத்துக்கு அரசு 8000 ரூபாய் கொடுக்கிறது, சரி. ஐஸ் உடைக்கிறவர்கள், கூடை தூக்குகிறவர்கள், இறால் உரிக்கிற பெண்கள் பலர் அந்தக் கணக்கில் வருவதில்லை. படகு போனால்தான் அவர்களுக்கும் கூலி. இந்த இரண்டு மாதத்தில்தான் எங்கள் பட்டியல் நீளும்.

அப்படி ஒரு வீட்டுக் கதையைத்தான் சொல்ல வந்தேன். எழுபது வயதிருக்கும் ஒரு ஆயா. நெற்றி நிறைய திருநீறு, சுவரில் அங்காளம்மன் படம். முப்பது வருஷம் இறால் உரித்த கை. நான் அந்த விரல்களைப் பிடித்துப் பார்த்திருக்கிறேன் மச்சான், நுனி தேய்ந்து கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கிறது, ரேஷன் கடை மிஷினில் பத்து தடவை வைத்தாலும் ரேகை விழாது. சில மாதம் அரிசி வாங்காமலே திரும்பி வந்திருக்கிறார். மகனைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

அவருக்கு மாதம் பத்து கிலோ பிடியரிசி கொடுத்துவந்தோம். உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்து வைத்து, மாதக் கடைசியில் கோயிலில் கொண்டுவந்து கொட்டுவார்களே, அதுதான். கூட்டத்தில் ஒருநாள், ஆயா அந்த அரிசியைப் பக்கத்து வீட்டில் தள்ளிவிடுகிறார் என்று ஒருவர் சொன்னார். விற்கிறார் என்றே எல்லோரும் நினைத்தோம். நிறுத்திவிடலாம் என்று முதலில் சொன்னவன் நான்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு அறுக்கிறது. அந்தப் பெரியவர்தான், "போய்க் கேட்டுட்டு வந்து பேசு" என்று என்னை அனுப்பினார்.

உன் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போனேன். எதையும் நேராகக் கேட்காமல் டீ குடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் அவராகவே சொன்னார். "தப்பா நெனைச்சுக்காத நைனா. அரிசி நல்ல அரிசிதான். நாலு வூட்டு அரிசி ஒண்ணா கலந்து வருதா, கல்லும் நெல்லும் இருக்குது. பொறுக்கலாம்னா கண்ணு தெரியல. பக்கத்து வூட்டுப் பொண்ணாண்ட குடுத்துட்டு அது ஆக்குறதுல ஒரு தட்டு வாங்கிக்கிறேன்."

இரண்டு கண்ணிலும் புரை. இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே காட்டியிருக்கிறார். ஆபரேஷனுக்குத் துணைக்கு ஓர் ஆளைக் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார்கள். அது நியாயம்தான், கண்ணில் கட்டோடு தனியாக எப்படி அனுப்புவார்கள்? அந்த ஓர் ஆள் இல்லாததால் இரண்டு வருஷம் இருட்டிலேயே இருந்திருக்கிறார். நாங்கள் மாதா மாதம் வாசலில் மூட்டையை வைத்துவிட்டு, "ஆயா, நல்லா இருக்கியா?" என்று கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடியிருக்கிறோம். போனால் உட்கார வேண்டும் என்று நான்தான் மேலே பெரிதாக எழுதியிருக்கிறேன்.

எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். 1819இல் ஆரம்பித்த ஆஸ்பத்திரி, உன் அம்மாவுக்குக்கூட அங்கேதான் பார்த்தோம், ஞாபகம் இருக்கிறதா? முதல் தடவை சர்க்கரை அதிகம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு மாதம் மாத்திரை வேளை தவறாமல் போகிறதா என்று முறை வைத்துப் பார்த்துக்கொண்டோம். மறுமுறை ஆபரேஷன் நடந்தது. லென்ஸுக்கும் ஆபரேஷனுக்கும் ஒரு பைசா வாங்கவில்லை. பெண்கள் வார்டு என்பதால் உன் தங்கச்சிதான் அந்த முழங்காலோடு கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தாள். அப்புறம் ஒரு மாதத்துக்கு மேல் சொட்டு மருந்து. பக்கத்து வீட்டுப் பெண் காலையில், எங்கள் சபை ஆள் மதியமும் சாயங்காலமும்.

இப்போது சனிக்கிழமை சாயங்காலம் ஆயா மண்டபத்துக்கு வந்துவிடுகிறார். யாரும் வரச் சொல்லவில்லை. மூட்டை கட்டுமுன் மொத்தப் பிடியரிசியையும் முறத்தில் போட்டுப் புடைத்து, கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக்கொண்டு கல்லைப் பொறுக்கிப் பொறுக்கி வாசலில் வீசுகிறார். கூடவே உட்காரும் பிள்ளைகளை ஒரு நெல்லுக்குக்கூட விடுவதில்லை, அப்படி ஒரு அதட்டல்!

அடுத்த கண்ணுக்கு ஜூன் முதல் வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்த முறை உன் தங்கச்சியால் தரையில் படுக்க முடியாது, நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சபையில் இருக்கிற மற்ற பெண்கள் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். லீவுக்கு என் தங்கச்சி, அதான் உன் வீட்டுக்காரி, தண்டையார்பேட்டைக்கு அவள் அம்மா வீட்டுக்கு வருவாள் இல்லையா, இரண்டு ராத்திரி ஆயாவோடு தங்க முடியுமா என்று கேள். வற்புறுத்தாதே. பகலில் சாப்பாடு கொண்டுவந்து கொடுப்பது, மருந்து வாங்குவதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம். முடியும் என்றால் இந்த வாரமே ஒரு போன் போடு, பெயர் கொடுக்க வேண்டும்.

உன்
மச்சான்
ராயபுரம்