க்ளீவ்லேண்ட் தமிழ் மக்களுக்கு, சிகரெட் விக்கிற கடைக்காரன் எழுதறது

அண்ணா, அக்கா, மாமா, மாமி எல்லாருக்கும் வணக்கம்.

2024 நவம்பர் எலெக்‌ஷன்ல பேலட்ல இஷ்யூ 55-ன்னு ஒண்ணு வந்துச்சே, ஞாபகம் இருக்கா? சிகரெட் வரியை ஏத்தி அந்தக் காசை நம்ம கயஹோகா கவுண்டியோட (க்ளீவ்லேண்ட் இருக்கற மாவட்டம்) கலை, கலாசாரத்துக்குக் குடுக்கலாமான்னு கேட்டாங்க, அமோகமா பாஸ் ஆச்சு. நம்மாளுங்க வாட்ஸப் க்ரூப்லயும் ஒரே கைதட்டல். எனக்கும் சந்தோஷம்தான், ஆனா அந்தக் காசை கல்லாவுல வாங்கிப் போடறவன் நான்ங்கறதால ரெண்டு வார்த்தை சொல்லணும்னு ரொம்ப நாளா இருக்கு.

தெரியாதவங்களுக்காக சொல்றேன். 2006-ல வோட் போட்டு கயஹோகா கவுண்டியில மட்டும் ஒரு சிகரெட்டுக்கு ஒண்ணரை சென்ட், அதாவது 20 இருக்கற பாக்கெட்டுக்கு 30 சென்ட்னு ஒரு வரி போட்டாங்க, அடுத்த வருஷம் வசூல் ஆரம்பிச்சுது, 2015-ல அதையே நீட்டிச்சாங்க. பணம் போறது கயஹோகா ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர்ங்கற அரசு அமைப்புக்கு. அவங்க கையிலேர்ந்துதான் ஆர்க்கெஸ்ட்ரா, ப்ளேஹவுஸ் ஸ்கொயர் தியேட்டருங்க, ஆர்ட் மியூசியம், கரமு ஹவுஸ் தியேட்டர்லேர்ந்து தெருமுனை டான்ஸ் க்ளாஸ் வரைக்கும் க்ரான்ட், அதாவது நிதி உதவி, போகுது. இப்போ இஷ்யூ 55-க்கு அப்புறம் சிகரெட்டுக்கு மூணரை சென்ட், பாக்கெட்டுக்கு 70 சென்ட். ஸ்டேட் வரி 1 டாலர் 60, ஃபெடரல் 1 டாலர் 1 சென்ட், அதுக்கும் மேல ஸ்டேடியத்துக்குன்னு 1990-ல ஆரம்பிச்சு 2014-ல இன்னொரு 20 வருஷத்துக்கு நீட்டிச்ச வரி, பாக்கெட்டுக்கு நாலரை சென்ட். கூட்டிப் பாருங்க, ஒரு பாக்கெட்ல 3 டாலர் 35 சென்ட் வரியே, சேல்ஸ் டேக்ஸ் இன்னும் சேக்கல.

ஏன் இப்படி ரெண்டு மடங்குக்கு மேல ஏத்தினாங்கன்னா, வசூல் விழுந்துடுச்சு. ஆரம்பத்துல வருஷத்துக்கு கிட்டத்தட்ட 2 கோடி டாலர் வந்தது, போகப் போக ஏறக்குறைய பாதியாயிடுச்சு. ஜனங்க சிகரெட்டை விடறாங்க, நல்ல விஷயம். இளவட்டம் வேப்புக்கு (எலெக்ட்ரானிக் சிகரெட்) போயிடுச்சு, அதுக்கு இந்த வரி கிடையாது. மிச்சம் இருக்கறவங்க கிட்டேயே இன்னும் ஜாஸ்தியா கறக்கறோம், விஷயம் அவ்வளவுதான்.

அந்த மிச்சம் இருக்கறவங்க யாருன்னு கேளுங்க. என் கடைக்கு விடிகாலையில நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற நர்ஸிங் ஹோம் ஆயாம்மா, கூரை வேலை செய்யறவன், பஸ்ஸுக்கு நிக்கற பெரியவர். சில்லறையை கவுன்ட்டர்ல பரப்பி எண்ணி எண்ணி ஒரே ஒரு பாக்கெட் வாங்குவாங்க. கார்ட்டனா (பத்து பாக்கெட் சேந்த பெட்டி) வாங்கினா சல்லிசு, ஆனா மொத்தமா காசு இருந்தாத்தானே? கார் இருக்கறவன் என்ன பண்றான், மேற்கால லோரெய்ன் கவுண்டிக்கு ஒரு ஓட்டு ஓட்டி நாலு கார்ட்டன் தூக்கிட்டு வந்துடறான், அங்கே இந்த 70 சென்ட் கிடையாது. ஆக இந்த வரியைத் தப்பாம கட்டறது கார் இல்லாதவன்தான். தினம் ஒரு பாக்கெட்னா வருஷத்துக்கு 255 டாலருக்கு மேல கலைக்குன்னு குடுக்கறான், அவன் ஆர்க்கெஸ்ட்ரா பக்கம் போயிருப்பானான்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

நம்ம கதைக்கு வரேன். லைப்ரரி லெவி, பார்க் லெவின்னு (வோட்டுக்கு விடற தனி வரி) ப்ராப்பர்ட்டி டேக்ஸ்ல ஏதாவது வந்தா சோலன் புறநகர்ல இருக்கறவர் ஸ்ப்ரெட்ஷீட் போட்டு "நம்ம வீட்டுக்கு எவ்ளோ ஏறும்"னு அனுப்புவார், 2024-ல வரிக்காக வீட்டு மதிப்பை மறுபடி போட்டப்போ பொலம்பாத ஆளு கிடையாது. சிகரெட் வரின்னா மட்டும் ஒருத்தர் வாயும் திறக்கல. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே!

சிகரெட் பிடிச்சா உடம்பு கெடும், வரி போட்டா விடுவாங்க, சரி, ஒத்துக்கறேன். ஆனா விடணும்னுதான் வரின்னா, வசூலை நிகோடின் பேட்ச் வாங்கிக் குடுக்கவும் விட உதவி பண்ணவும் செலவு பண்ணியிருக்கணும். ஊர் மொத்தத்துக்கும் பொதுவான ஒரு விஷயத்தை நடத்தறதுக்குன்னா ஊர் மொத்தமும்தான் குடுக்கணும். ரெண்டும் இல்லாம எல்லாரும் விட்டுட்டா க்ரான்ட் அம்போன்னு போற மாதிரி வெச்சிருக்கோம், இது எவ்வளவு நாள் ஓடும்?

அதனால உங்க கிட்ட ரெண்டு விஷயம் கேக்கறேன். அடுத்த தடவை கலைக்குன்னு வேற வழியில, நம்ம வீட்டு வரியிலயே கொஞ்சம் கேட்டு லெவி வந்தா எடுத்ததும் நோன்னு சொல்லிடாதீங்க, கணக்கு போட்டுப் பாத்துட்டு சொல்லுங்க. இன்னொண்ணு, கயஹோகா ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர் போர்டு மீட்டிங் பொதுமக்களுக்குத் திறந்ததுதான், க்ரீன் கார்டு லைன்ல நிக்கறவங்க வோட் போட முடியாட்டியும் போய் உக்காரலாம், பேசலாம். எந்த ஜிப் கோட்ல சிகரெட் ஜாஸ்தி விக்குதோ அங்கே எத்தனை ஷோ ஃப்ரீயா நடத்தறீங்கன்னு அங்கே போய் கேளுங்க. நான் கேக்கறதா இருக்கேன், மீட்டிங் என் கடை நேரத்துல வருது, ஆள் ஏற்பாடு பண்ணிட்டு வரேன், கூட யாராவது வந்தா நல்லாருக்கும்.

இப்படிக்கு,
உங்க கடைக்கார நண்பன்