பென்னாகரத்தில் எங்களைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு

வணக்கம். சித்தி இப்போது நன்றாக இருக்கிறார். ஊர் போய்ச் சேர்ந்ததும் தகவல் சொல்லுங்கள் என்று நீங்கள் எல்லோருமே கேட்டிருந்தீர்கள், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டீர்கள். செய்ததைச் சொல்லி நன்றி சொல்கிறேன், யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

சித்தி பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் கும்பகோணம் பக்கம். காவிரியைப் படித்துறையிலும் வாய்க்காலிலும் பார்த்தே வளர்ந்தவர். அது தமிழ்நாட்டுக்குள் நுழைகிற இடத்தைப் பார்த்துவிட்டு, மேட்டூர், பவானி என்று ஆற்றோடு இறங்கி வரவேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. ஒகேனக்கல்லில் பரிசல் ஏறி, பாறைகளுக்கு நடுவே ஆறு விழுவதை ஆசை தீரப் பார்த்தார். மறுநாள் காலை பென்னாகரம் வந்து மேட்டூர் பஸ் பிடிப்பதாக இருந்தோம். மலைப்பாதையில் பஸ் ஏறும்போது வாந்தி தொடங்கியது. வயிறும் கலங்கிவிட்டது.

கண்டக்டர் அண்ணா, அந்த இடத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி நான் கத்தினேன். நீங்கள் பதிலுக்குக் கத்தவில்லை. "யானை நடமாட்டம் இருக்கும்மா, அடுத்த வளைவு தாண்டினா அகலமான இடம் வரும்" என்று சொல்லி, அங்கே விசில் கொடுத்து, முதலில் நீங்களே இறங்கிச் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டீர்கள். பூக்கூடையோடு வந்த அக்கா தண்ணீர் ஊற்றி முகம் கழுவிவிட்டார். வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த பஸ் அது, ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அப்புறம் நீங்கள் சித்தியின் பக்கத்தில் குனிந்து, "108க்கு இப்பவே போன் போடவா, இல்ல பென்னாகரம் வரைக்கும் தாங்குவீங்களாம்மா?" என்று அவரிடமே கேட்டீர்கள்.

அன்று முழுக்க நீங்கள் எல்லோரும் செய்தது இதைத்தான். வயதானவருக்கு உடம்பு சரியில்லை என்றால் கூட வந்தவரிடம் பேசிவிட்டு நகர்ந்துவிடுவதுதான் வழக்கம். நீங்கள் சித்தியைக் கேட்டீர்கள், அவர் பதில் சொல்கிற வரைக்கும் காத்திருந்தீர்கள். வெளியூரில் விழுந்து கிடக்கும் ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய தெம்பு என்று அருகில் இருந்து பார்த்தவள் நான்.

பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ தயாராக நின்றது, கண்டக்டர் அண்ணா போன் பண்ணி வைத்திருக்கிறார். ஆட்டோ அண்ணா, சீட்டில் துண்டு விரித்து, குழி குழியாகப் பார்த்து ஓட்டி, அரசு மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டு, ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நீங்களே போய் நின்றீர்கள். சாயங்காலம் திரும்பி வந்து லாட்ஜுக்கு அழைத்துப்போனதும் நீங்கள்தான்.

டாக்டரம்மா, எந்த மாவட்டம் என்பதைச் சீட்டில் எழுத மட்டும்தான் கேட்டீர்கள். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தீர்கள், நாக்கைப் பார்த்தீர்கள், கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்று கேட்டீர்கள். மாத்திரைப் பையை வாங்கி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, மெட்ஃபார்மினை மட்டும் எடுத்துத் தனியே வைத்தீர்கள். உடம்பில் நீர் வற்றினால் சிறுநீரகம் சரியாக வேலை செய்யாது, அந்த மருந்து வெளியேறாமல் தங்கிவிடும், பழையபடி சாப்பிட ஆரம்பிக்கும் வரை இது வேண்டாம் என்று விளக்கினீர்கள். இத்தனை வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் சித்தி, இதை எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

சிஸ்டர், உங்களுக்குத்தான் என் பெரிய நன்றி. டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே ஒரு லிட்டர் தண்ணீரில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கலக்கிக்கொண்டு வந்தீர்கள். "இதில் சர்க்கரை இருக்கே, எனக்கு ஆகாதே" என்று சித்தி வாயை மூடிக்கொண்டார். நீங்கள் அதட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். "அந்தக் குளுக்கோஸ் கூட இருந்தாத்தாம்மா உப்பைக் குடல் உள்ளே இழுக்கும், உப்பு போனாத்தான் தண்ணி பின்னாடியே போகும். உங்க சர்க்கரையை நான் பார்த்துக்கிட்டே இருக்கேன்" என்றீர்கள். ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கச் சொன்னீர்கள். திரும்ப வாந்தி வந்தபோது, பத்து நிமிஷம் விட்டு இன்னும் மெதுவாக ஆரம்பிக்கலாம் என்றீர்கள். வார்டில் அத்தனை பேரைப் பார்க்கிற நீங்கள் போகும்போதும் வரும்போதும் டம்ளரை எட்டிப் பார்த்தீர்கள். மத்தியானம் சித்தி மேட்டூர் போக முடியவில்லையே என்று அழுதார். "அணை 1934லிருந்து அங்கேயேதான் இருக்கு, நீங்க முதல்ல இதைக் குடிங்க" என்று நீங்கள் சொன்னதும்தான் அன்றைக்கு அவர் முதல் முறையாகச் சிரித்தார்.

பக்கத்துக் கட்டிலில் பேத்திக்குத் துணையாக இருந்த ஆயாவுக்கு: காய்ச்சிய தண்ணீரை உங்கள் பிளாஸ்க்கிலிருந்து ஊற்றிக் கொடுத்தீர்கள். "ஒகேனக்கல் தண்ணிதான், பயப்படாம குடி" என்றீர்கள். போர் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடால் பல் கறைபட்டு எலும்பு வளைந்துபோனவர்களைப் பற்றி, 2013இல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வருவதற்கு முன் குடத்தோடு அலைந்ததைப் பற்றி நீங்கள் சொல்லச் சொல்ல, சித்தி வலியை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். தான் பார்க்க வந்த ஆற்றைப் பற்றி யாரும் அவருக்கு இப்படிச் சொன்னதில்லை. ஊருக்கு வந்த பிறகும் அதையேதான் எல்லோரிடமும் சொல்கிறார்.

லாட்ஜ் அண்ணா, உங்களுக்கும் அண்ணிக்கும். படி ஏற வேண்டாம் என்று கீழ் அறையைக் கொடுத்தீர்கள். புழுங்கலரிசிக் கஞ்சியை உப்புப் போட்டு, குழைய வடித்துத் தூக்குவாளியில் கொண்டுவந்தது அண்ணி. இரவு கதவைத் தட்டி "அம்மா சாப்பிட்டாங்களா" என்று கேட்டதும் அவர்தான். அந்தத் தூக்குவாளி எங்கள் பையோடு வந்துவிட்டது, திருப்பி அனுப்பியிருக்கிறோம். அதற்குள்ளே இருக்கிற காபித் தூள் உங்கள் வீட்டுக்கு.

ஆயா, நீங்கள் கேட்ட கும்பகோணம் கொழுந்து வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றி அதே பார்சலில் வைத்திருக்கிறோம். லாட்ஜ் அண்ணா எடுத்து வைத்திருப்பார், வாடுவதற்குள் யாரையாவது அனுப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.